பஞ்சர் ஒட்ட வந்த மாப்பிள்ளை

நவீன் செம்மண்ணில் ஒரு காலை மண்டியிட்டு உட்கார்ந்து, பற்கள் வைத்த ஒரு கம்பியை என் பைக்கின் பின் டயரில் குத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, நில்லு. இது டியூப் டயர்," என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான் ஆன்டி. நீங்க நிழல்ல போய் உக்காருங்க. நாங்க இருக்கோம்லா."

சொல்லிவிட்டு உடம்பின் பாரம் முழுவதையும் கம்பியின் மேல் போட்டான். உள்ளே ஏதோ 'பொக்' என்றது. கூட வந்தவர்களில் பாதிப் பேர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அந்தப் படத்தில் விழுகிற மாதிரி தள்ளி நின்றார்கள்.

பைக் ஓட்டாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பைக்குகளின் டயருக்குள் டியூப் கிடையாது. முள் குத்தினால் அந்த ஓட்டையைக் கம்பியால் குடைந்து, பிசின் தடவிய ஒரு ரப்பர் திரியைத் திணித்தால் வேலை முடிந்தது. என்னுடையது சின்ன வண்டி. டயருக்குள் தனியாக ஒரு டியூப் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்துத்தான் ஒட்டவேண்டும். அதில் கம்பியை விட்டுக் குடைவது வயிற்றுவலி என்று வந்தவனை ஈட்டியால் குத்தி வைத்தியம் பார்ப்பதுதான்.

வைத்தியம் மும்முரமாக நடந்தது. இடம், தெலுக் பங்லிமா காராங் ஊரில் தொழிற்சாலைகள் எல்லாம் முடிந்தபிறகு, எண்ணெய்க்காக வளர்க்கிற ஒரு செம்பனைத் தோட்டம். முதல்நாள் பெய்த மழையில் பாதை பிசைந்த மாவாகக் கிடந்தது. அழுகின பழக்குலையின் வாடை. வெட்டிப் போட்ட மட்டையின் முள் ஒன்றுதான் என் டயரில் ஏறியிருந்தது. இந்தத் தோட்டங்களில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு அது ஜலதோஷம் மாதிரி, எல்லோருக்கும் வரும்.

ஐம்பது வயதில் நான் காட்டுப்பாதையில் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் போன வாரம் எழுதினேன். செராஸிலிருந்து ஓர் அன்பர் பத்திரிகைக்குப் போன் போட்டு, "அந்தம்மாவுக்கு வீட்டில் வேலை இல்லையா?" என்று கேட்டாராம். இருக்கிறது ஐயா. அன்றைக்குத் தோட்டத்துக்குப் போனதே வீட்டு வேலையாகத்தான். நான் மாப்பிள்ளை பார்க்கப் போயிருந்தேன்.

நாலு இடத்தில் விசாரிப்பது

என் அக்கா சரோஜாவுக்கு ஒரே மகள், தர்ஷினி. கிள்ளானில் வக்கீல். வாடகைக் காருக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் கூட யாராவது ஒருவருக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்துவிடுவாள். அவள் குழந்தையாக இருக்கையில் எனக்கும் அவளுக்கும் மிட்டாய் பங்கு போடும்போதே, "ஏன் உங்களுக்கு ரெண்டு?" என்று விளக்கம் கேட்டவள். அவள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பையன்தான் நவீன். நல்ல வேலை, நல்ல நிறம், சொந்த வீடு. ஒரு பைக் குழுவுக்கு அவன்தான் கேப்டன்.

நம் குடும்பங்களில் பெண் கொடுப்பதற்கு முன்னால் 'நாலு இடத்தில் விசாரிப்பது' என்று ஒன்று உண்டு. யாரைப் போய் விசாரிப்பார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பையன் தலைமுடி வெட்டுகிற கடைக்காரர், கோவில் பொருளாளர், பக்கத்து வீட்டு ஆன்டி, ரொட்டி சானாய் கடை முதலாளி. இந்த நாலு பேரும் உலகத்தில் எவனைப் பற்றியும் கெட்டதாகச் சொன்னதில்லை. முடிவெட்டுகிறவருக்கு வாடிக்கை போகும். பொருளாளருக்கு நன்கொடை போகும். 'நல்ல பையன்லா' என்று நாலு தடவை கேட்டுவிட்டு, நம்மாட்கள் திருப்தியாகத் தேநீர் குடித்துவிட்டு வருவார்கள்.

அக்காவும் விசாரித்தாள். நாலு நல்ல பையன் வந்து சேர்ந்தது. அதற்கு மேலும் ஒரு சாட்சி இருந்தால் தேவலை என்று தோன்றியிருக்கிறது.

"வசந்தி, நீதான் ஆம்பளை மாதிரி பைக்க எடுத்துக்கிட்டுச் சுத்தறியே. ஒருநாள் அவன் குரூப்போட போய்ப் பாத்துட்டு வாயேன்," என்றாள்.

என்னைப் புகழ்ந்தாளா வைதாளா என்று இன்றுவரை தெரியாது. அக்காக்கள் அப்படித்தான். நவீனும் சம்மதித்தான். நான் அவனைப் பார்க்கத்தான் வருகிறேன் என்பது அவனுக்குத் தெரியும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று நான் கண்டது அவனுடைய பண்டிகை நாள் நடத்தை.

ரவாங் போன சிரம்பான்காரர்

எனக்கும் ஒரு காலத்தில் இப்படி விசாரித்தார்கள். எங்கள் மாமா ஒருவர் என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரிக்கச் செந்தூல் வரை போனார். போன இடத்தில் பிரியாணி சாப்பிட்டார். திரும்பி வந்து, "குடி இல்லை, சிகரெட் இல்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் கோவில்," என்று அறிக்கை வாசித்தார்.

அத்தனையும் உண்மை. அதுதான் கஷ்டம். குடிகாரன் பெண்டாட்டி என்றால் ஊரே உச்சுக்கொட்டும். நான் யாரிடம் போய் என்ன சொல்வது?

கல்யாணமான புதிதில் ஒருநாள் சிரம்பானில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினோம். கார் வடக்கே போய்க்கொண்டிருந்தது. சிரம்பான் தெற்கே இருக்கிறது. "என்னங்க, வழி மாறிட்டோம்னு நினைக்கிறேன்," என்று மெல்லச் சொன்னேன். "எனக்குத் தெரியும்," என்றார். ரவாங் பலகை வந்தது. வண்டியை நிறுத்திப் பலகையை முறைத்துப் பார்த்தார். பலகை மாறவில்லை. கடைசியில், "நீ பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வந்தா யாருக்குத்தான் வழி தெரியும்?" என்றார். காதுகுத்து முடிந்து பந்தி எடுக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அங்கே எல்லோரிடமும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டவள் நான்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற சாதி. ஒரு வீட்டில் சாரி சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றால், எங்கள் வீட்டில் அது நிரந்தரமாக என் வேலை. அதற்கு ஓய்வு வயதும் கிடையாது. கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், "நான்தான் தப்பு" என்று சொல்லியிருந்தால் நான் எவ்வளவு இலேசாக இருந்திருப்பேன் என்று நினைக்கும்போது ஆத்திரமாக வருகிறது.

மாமா செந்தூலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். தப்புப் பண்ணினால் பையன் என்ன செய்வான்? பிரியாணி மும்முரத்தில் மறந்துவிட்டார். ஆகவே தர்ஷினிக்காக அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டு போனேன்.

சிங்கம் போட்ட சட்டைகள்

காலையில் பிரிக்பீல்ட்ஸில் தோசைக்கடை முன்னால் கூடினார்கள். ஒவ்வொரு பைக்கும் கன்றுக்குட்டி போட்ட எருமை அளவுக்கு இருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டை. முன்னால் சிங்கம். பின்னால் ஆங்கிலத்தில், 'யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்'. சேறு பட்ட அடையாளம் ஒரு சட்டையிலும் இல்லை. தோசை சாப்பிட்ட நேரத்தை விட, தோசையோடு படம் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

நவீன் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். "ஆன்டிக்கு ஒரு தே தாரிக், சீனி கம்மி," என்று சத்தமாகச் சொன்னான். நான் தேநீரைச் சீனி கம்மியாகக் குடிப்பவள் இல்லை. ஆனாலும் பையன் மரியாதை தெரிந்தவன்தான் என்று அந்த நிமிடம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

தோட்டத்து வாசலில் ஒரு முனீஸ்வரர் கோவில் இருக்கிறது. அங்கே எல்லா வண்டிகளுக்கும் முன்னால் எலுமிச்சம் பழம் வைத்து, நவீனே சூடம் காட்டி, பழத்தை நசுக்கிக்கொண்டு ஏறினார்கள். புது வண்டிக்கு ஒரு தடவை செய்கிறதை இவர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செய்கிறார்கள். கேட்டால், "சேஃப்டி முக்கியம் ஆன்டி," என்றான் நவீன். எலுமிச்சம் பழம் எந்த டயருக்கும் நசுங்கும். அதற்குப் பிறகுதான் டயரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது டியூப்

இனி பஞ்சரான டயருக்கு வருவோம். நவீன் கம்பியை உருவிவிட்டு, ரப்பர் திரியைத் திணித்து, மின்சாரப் பம்பை மாட்டினான். பம்பு உறுமியது. காற்று டயரில் நிற்கவில்லை. சக்கரக் கம்பிகளின் அடியிலிருந்து புஸ்ஸென்று சீறி வந்தது. இன்னொரு திரி திணித்தான். சீற்றம் இன்னும் பலமானது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அந்த முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு விநாடி, தப்புப் பண்ணிவிட்ட எல்லா மனிதர்களின் முகம் போலத்தான் இருந்தது. 'அட, டியூப் டயர்தான் ஆன்டி' என்று அப்போது சொல்லியிருந்தால் நானே சிரித்துவிட்டு, தர்ஷினிக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருப்பேன்.

முகம் மூடிக்கொண்டது.

"இந்த டியூப் ரொம்பப் பழசு ஆன்டி. வண்டிய ஒழுங்கா மெயின்டெய்ன் பண்ணணும்லா," என்றான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போன மாதம் போட்ட டியூப் அது.

என் பையில் மாற்று டியூப் இருந்தது. டயரை நெம்புகிற இரும்புகளும் கைப்பம்பும் இருந்தன. வீட்டு வாசலில் பலமுறை கழற்றி மாட்டிப் பழகியிருக்கிறேன். "தள்ளு தம்பி, நானே மாத்திக்கறேன்," என்று அவற்றைக் கையில் எடுத்தேன். "ஆன்டி, இவ்ளோ ஆம்பளைங்க இருக்கும்போது நீங்க செஞ்சா எங்களுக்கு என்ன மரியாதை?" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கேமராக்கள் மறுபடி உயர்ந்தன.

தாஸ் என்று ஒருவன், நவீனின் வயதுதான், பருமனானவன், அதுவரை வாய் திறக்காதவன். அவனைச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நவீன் டயருக்குள் இரும்பை விட்டு நெம்பினான். பழகாத கை. டியூப் இரும்புக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. "மெதுவா, டியூப் கிள்ளுது," என்று கத்தினேன். அவன் காதில் விழவில்லை, அல்லது ஏறவில்லை. காற்றடித்தான். புது டியூபும் புஸ்ஸென்றது.

ஒருவர் கேமராவை இறக்கினார்.

நவீன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே தாஸைப் பார்த்தான். "ஒழுங்கா புடிக்கத் தெரியாதாடா உனக்கு?"

"சாரிலா மச்சான். என் தப்புதான்," என்றான் தாஸ்.

அவன் அந்த வார்த்தையைச் சொன்ன வேகம்தான் என்னைச் சுட்டது. கோபம் இல்லை, வெட்கம் இல்லை, ஏன் என்ற கேள்வி இல்லை. கொசுவை அடிக்கக் கை தானாகப் போகிற மாதிரி வந்தது. உடனே நவீனின் முகம் தெளிந்துவிட்டது. பழைய சிரிப்பு வந்துவிட்டது. யாரோ கதவைத் திறந்து காற்று வரவிட்டது போல எல்லோரும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

தாஸின் உத்தியோகம்

மழை கறுத்துக்கொண்டு வந்தது. நண்டுச் சாப்பாட்டுக்குக் கடையில் சொல்லிவைத்திருந்தார்களாம். "ஆன்டி, ஒரு லோரி அனுப்பறோம். தாஸ், நீ கூட இரு. உன்னாலதானே," என்றான் நவீன். 'யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்' என்ற முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செம்பனைகளுக்குள் மறைந்தன.

அனுப்புவதாகச் சொன்ன லோரி வரவில்லை. அது வரும் என்று தாஸும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரு மரத்தடியில் ஒண்டினோம்.

"சக்கரத்தப் புடிச்சதத் தவிர நீ என்ன செஞ்ச? எதுக்குப்பா சாரி சொன்ன?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டா முடிஞ்சிரும் ஆன்டி. சொல்லலன்னா நாள் பூரா யார்கிட்டயும் பேச மாட்டான். எல்லாருக்கும் மூட் போயிரும்."

"எப்பருந்து இப்படி?"

"ஸ்கூல்லேர்ந்து. பழகிருச்சு." சிரித்தான். "நல்லவன்தான் ஆன்டி. ஒரு ஆபத்துன்னா முதல்ல வந்து நிப்பான். தப்புன்னு மட்டும் சொல்லிரக் கூடாது." தலையிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டான். "அவனுக்குக் கல்யாணம் ஆயிட்டா எனக்கு வேலை கொஞ்சம் கொறையும்."

சொன்ன பிறகுதான், யாருடைய சின்னம்மாவிடம் சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்தான். நானும் மழையைப் பார்த்தேன். முடிவெட்டுகிறவரும் பொருளாளரும் சொல்லாத செய்தி அது. சாரி சொல்கிற அந்த உத்தியோகத்துக்குத்தான் எங்கள் வீட்டுப் பெண்ணை எடுக்கிறார்கள்.

உரம் இறக்கிவிட்டுத் திரும்பிய தோட்டத்து லோரி ஒன்றைத் தாஸ் கைகாட்டி நிறுத்தினான். அதில் என் வண்டியை ஏற்றிக்கொண்டு நானும், பின்னால் தன் பைக்கில் தாஸுமாகக் கிள்ளானுக்கு வந்தோம்.

அக்கா வீட்டு ஹால்

நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். சேற்றுக் காலோடு வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றும்போதே, "என்னடி, தங்கமான பையன்தானே?" என்றாள் அக்கா. சோபா முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் விரித்துக் கிடந்தன. தர்ஷினி அவற்றின் நடுவில் உட்கார்ந்து ஒன்றில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது வேண்டாம்," என்றேன்.

"ஏண்டி? என்ன ஆச்சு?"

"டயர் பஞ்சர் ஆச்சு."

"ஒரு டயருக்காகவா? உனக்கென்ன பைத்தியமா?"

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்," என்று நான் ஆரம்பிப்பதற்குள் தர்ஷினியின் போன் அடித்தது. திரையைப் பார்த்தாள். எடுத்தாள்.

"சாரி, சாரிங்க. என் தப்புதான். சாரி."

ஹலோ கூடச் சொல்லவில்லை. நான் ஒரு கையில் பூட்ஸோடு அப்படியே நின்றுவிட்டேன். மிட்டாய்க்கு விளக்கம் கேட்ட பிள்ளை. அதே வேகம், அதே குரல். இது பழகத் தாஸுக்கு வருடக்கணக்கில் ஆனது. இவளுக்குச் சில மாதமே போதுமானதாக இருந்திருக்கிறது.

"எதுக்குடி சாரி சொன்ன?" என்று கேட்டேன்.

போனைக் கையால் மூடிக்கொண்டாள். "எதுக்குன்னு அவர் இன்னும் சொல்லல சின்னம்மா."

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே திரும்பக் கேட்டுப் பார்க்கிறவள் போலப் பத்திரிகைகளை வெறித்தாள். விரல்களுக்கு இடையில் நவீனின் குரல் பேசிக்கொண்டே இருந்தது. பிறகு கையை எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நவீன், ஒரு நிமிஷம். நான் என்ன தப்புப் பண்ணேன்?"

நண்டுக்கடை இரைச்சலுக்கு நடுவில் நவீனின் குரல் வந்தது.

"என்ன புதுசா கேள்வி கேக்கற? உங்க ஆன்டி வந்துட்டாங்களா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. என்ன தப்பு?"

"முதல்ல சாரி சொல்லு. அப்புறம் சொல்றேன்."

அக்கா மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தாள், பத்திரிகைகளின் மேலேயே.

"இப்பத்தான் மூணு தடவ சொன்னேன்," என்றாள் தர்ஷினி. இப்போது அது கோர்ட்டில் பேசுகிற குரல். "அந்த மூணையும் வாபஸ் வாங்கிக்கறேன். அதுக்கு முன்னாடி சொன்னதையும்தான்."

போனை வைத்துவிட்டாள். அக்கா நிமிர்ந்து என்னைத்தான் முறைத்தாள்.